பழைய லேசர் மெசின் எடுக்கலாமா? மரம், பேர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் தகடு) வேலைக்கு (யாழ்ப்பாணம்)

2 பெப்ரவரி 2025, மாலை. கேள்வி

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் ஒருவர் 60 வாட் சீஓ2 (காபனீரொட்சைட்டு வாயு) லேசர் மெசின் விற்கிறார். மேசை 600க்கு 400 மில்லிமீற்றர், 2019இல் எடுத்ததாம். கேட்கிற விலை 6.5 இலட்சம். "ரியூப் போன வருசம்தான் மாத்தினது, ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார். (ரியூப் என்றால் லேசர் ஒளி பிறக்கிற கண்ணாடிக் குழாய்.) 3 மில்லிமீற்றர் பிளைவூட்டில் பெயர்ப்பலகை, கேக்கின் மேல் வைக்கிற பெயர், சாமத்திய வீட்டுக்கு எழுத்து வெட்டுவது, இவைதான் என் வேலை. இந்தக் காசில் பாதிக்கும் குறைவாகப் புது டயோட் லேசர் (ரியூப் இல்லாத சின்ன வகை) எடுக்கலாம். எது நல்லது? பாவித்த அண்ணைமார் யாராவது சொல்லுங்கள்.

2 பெப்ரவரி, இரவு 9.40

தம்பி, முற்பணம் குடுக்கவில்லைத்தானே? குடுக்க வேண்டாம்.

டயோட்டை விட்டுவிடுங்கள். நீல டயோட்டின் ஒளி 450 நானோமீற்றர். யன்னல் கண்ணாடிக்குள்ளால் வெயில் வருகிற மாதிரி அது தெளிவான பேர்ஸ்பெக்ஸுக்குள்ளால் போய்விடும், வெட்டாது. கறுப்புத் தகடென்றால் வெட்டும். சீஓ2வின் ஒளி 10,600 நானோமீற்றர். தெளிவான பேர்ஸ்பெக்ஸ் அதை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும், அதனால்தான் விளிம்பு மினுங்கி வருகிறது. கேக் பெயருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தெளிவான தகடு அல்லது தங்க நிறத்தில் முகம் தெரிகிற தகடு கேட்பார்கள். இரண்டும் டயோட்டுக்குச் சரிவராது.

அந்த மெசினைப் பொறுத்தவரை, ரியூபின் பெறுமதியைப் பூச்சியம் என்று வைத்து விலை பேசுங்கள். "போன வருசம் மாத்தினது" என்ற பேச்சுக்கு ஒரு ரூபாயும் சேர்க்க வேண்டாம். அதே பேச்சைக் கேட்டுக் காசு குடுத்தவன் நான். நாளைக்கு எழுதுகிறேன்.

இப்போதைக்கு விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: ரியூபில் ஒட்டியிருக்கிற லேபிள், ரியூபுக்குப் பக்கத்தில் அளவு நாடா விரித்தபடி, தண்ணீர் குளிராக்குகிற பெட்டியின் முன்பக்கம், மெசினை ஓட்டுகிற கொன்ரோலரின் திரை. தர மறுத்தால் வத்தளைக்குப் போகிற பஸ் காசாவது மிஞ்சும்.

3 பெப்ரவரி, காலை 6.15

நான் வாங்கியது 2022 கடைசியில். அந்த வருட ஆரம்பத்தில் 200 ரூபாய் விற்ற டொலர் மே மாதம் 360க்குப் போனது, புது மெசின் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூடியில் "60 வாட்" என்று ஸ்ரிக்கர். விற்றவர் தன்னிடமிருந்த மெல்லிய பலகை ஒன்றைப் போட்டார், வெண்ணெய் மாதிரி வெட்டியது. 5.2 இலட்சம் எண்ணிக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றி நாடா பிடித்தால் ரியூப் 1,000 மில்லிமீற்றர். 60 வாட் கண்ணாடி ரியூப் சாதாரணமாக 1,200இல் இருந்து 1,250 வரை இருக்கும். 40 வாட் 700 அளவில், 50 வாட் 1,000 அளவில். கண்ணாடி நீளத்தில் பொய் சொல்ல ஏலாது, ஸ்ரிக்கரில் சொல்லலாம். 50 வாட் ரியூபுக்குக் கூடிய மின்னோட்டம் ஏற்றி 60 மாதிரி வேலை வாங்கிக் காட்டியிருக்கிறார்கள். அப்படி அடித்தால் இன்றைக்கு வெட்டும், அதன் ஆயுள் மளமளவென்று குறையும். லேபிளில் செய்த மாதம் 2020 மார்ச். எனக்குச் சொன்னது "ஆறு மாசம்". ஒருவேளை ஆறு மாதத்துக்கு முன்தான் பூட்டியிருக்கலாம், ஆனால் ரியூப் அலுமாரியில் கிடந்தாலும் கெடும். உள்ளே இருப்பது காபனீரொட்சைட்டு, நைதரசன், ஹீலியம் சேர்ந்த கலவை. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது மெல்ல மெல்லப் பழுதாகும். (இந்த லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் செய்து காட்டியவர் குமார் பட்டேல், மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். ரியூபைத் துடைக்கும்போதெல்லாம் அவரை நினைப்பேன்.)

அந்த ரியூப் எனக்கு ஐந்து மாதம் உழைத்தது. அது செத்ததில் என் பங்கும் இருக்கிறது, அதைத் தண்ணீரைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

3 பெப்ரவரி, இரவு

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கொன்ரோலர் திரையைக் கேட்கச் சொன்னேன். அது ருயிடா கொம்பனியின் கொன்ரோலர் என்றால் மொத்தம் ஓடிய மணித்தியாலத்தை அதில் பார்க்கலாம். ஆனால் அது கொன்ரோலரின் கணக்கு. இடையில் ரியூப் எத்தனை தரம் மாறியது என்று அதற்குத் தெரியாது. கொன்ரோலரையே மாற்றியிருந்தால் பழைய கணக்கு முழுக்கப் போயிருக்கும். ஆகவே அந்த எண்ணை வைத்து ரியூபை மதிப்பிட வேண்டாம். லென்ஸ் மூக்கு ஓடுகிற தண்டவாளமும் பெல்ட்டும் எவ்வளவு உழைத்திருக்கும் என்று பார்க்க மட்டும் உதவும்.

விலை குறைந்த கண்ணாடி ரியூப் 1,000 முதல் 2,000 மணித்தியாலம் வரை உழைக்கும். கடையில் தினம் ஐந்து மணித்தியாலம் எரித்தால் ஒரு வருடம் அல்லது கொஞ்சம் கூட. "2019 மெசின், ஒரு தரம்தான் மாத்தினது" என்றால் ஒன்றில் வேலை குறைவு, இல்லையென்றால் பேச்சில் பிழை.

5 பெப்ரவரி

தண்ணீர். யாழ்ப்பாணத்தில் லேசர் வைத்திருக்கிறவர்கள் இதை மட்டும் நூறு தரம் வாசித்தாலும் நல்லது.

ரியூபுக்குள் வாயு எரிகிற உட்குழாயைச் சுற்றியுள்ள கண்ணாடி உறைக்குள் தண்ணீர் ஓட வேண்டும். எரியும்போது உண்டாகிற சூடு முழுவதையும் அதுதான் கொண்டுபோகிறது. எனக்கு மெசின் வந்த அன்று டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு போத்தல்தான் இருந்தது. 15 லீற்றர் வேண்டும். "ரெண்டு நாளைக்குத்தானே" என்று கிணற்றில் அள்ளி ஊற்றினேன். அந்த இரண்டு நாள் மூன்று மாதமாகிவிட்டது.

எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரியூபுக்குள்ளும் படியும். கழற்றியபோது குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது. பம்பின் விசிறி இலைகளில் முட்டைக்கோது போலப் படிந்திருந்தது.

இரண்டாவது கெடுதல் அதைவிட மோசம். உப்பும் கல்சியமும் உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ரியூபுக்குப் போவது 20,000 வோல்ட்டுக்கு மேல். வாளித் தண்ணீரில் விரல் பட்டால் எனக்குச் சுரீர் என்று ஒரு கடி இருந்தது. மோட்டரில் ஏதோ கசிகிறது என்று நினைத்தேன். கசிந்தது லேசரின் மின்சாரம். அது வாயுவுக்குள் போகாமல் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு என் மகள் அந்த வாளிக்குப் பக்கத்தில்தான் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

தண்ணீர் சுத்திகரித்து விற்கிற இடங்களில் ஒரு பேனா வைத்திருப்பார்கள், கரைந்த உப்பை எண்ணில் காட்டும். விலை அதிகமில்லை, ஒன்று வாங்குங்கள். எங்கள் கிணறு 1,100க்குக் கிட்டக் காட்டியது. போத்தலில் விற்கிற குடிதண்ணீர் 40. பற்றரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் 2. அந்த 2தான் வேண்டும். குடிக்க நல்லது என்பதற்காக 40 ரியூபுக்கு நல்லதென்று இல்லை. 20க்கு மேல் ஏறினால் நான் மாற்றிவிடுவேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், தாங்கியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

குளிராக்குகிற பெட்டி: சீடபிள்யூ 3000 என்று ஒன்று, சீடபிள்யூ 5000 என்று ஒன்று. வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. 3000க்குள் விசிறியும் கறுத்த வலையும்தான், குளிர்ச் சாதனம் இல்லை. காரின் ரேடியேற்றர் என்று நினையுங்கள். அறை 32 பாகை என்றால் தண்ணீர் ஒருநாளும் 32க்குக் கீழே வராது. ரியூபுக்கு 25க்கு மேல் போனாலே பலம் குறையும், 30க்கு மேல் வைத்துத் தொடர்ந்து எரித்தால் ஆயுள் குறையும். நுவரெலியாவில் 3000 போதும். இங்கே 5000 வேண்டும்.

5 பெப்ரவரி, கொஞ்சம் பிறகு

5000 வாங்கினவுடனே 18 பாகையில் வைக்க வேண்டாம். நான் வைத்தேன். ஓகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ரியூப் முழுக்கக் குளிர்ந்த சோடாப் போத்தல் மாதிரி வியர்த்தது. அந்த ஈரத்தில் உயர் மின்சாரம் பாய்ந்தால் எல்லாம் போச்சு. 24, 25 போதும். மாரியில் ஒரு பாகை குறைக்கலாம்.

6 பெப்ரவரி

மானிப்பாயில் இருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், வாளிக்குள் ஐஸ் போத்தல் போட்டு இரண்டு வருடமாக கே40 (40 வாட் சின்ன மெசின்) ஓட்டுகிறாராம். அவர் சொல்வது சரி, ஓடும். ஒருநாளைக்கு அரை மணித்தியாலம் வேலையென்றால் அது போதும். பயம் என்னவென்றால் சூடேறிய கண்ணாடிக்குள் திடீரென்று ஐஸ் தண்ணீர் போவது. வேலை தொடங்க முன்னமே போத்தலைப் போடுங்கள், இடையில் போட வேண்டாம். வெப்பமானி ஒன்று வாளிக்குள் கிடக்கட்டும். அண்ணை அப்படித்தான் செய்கிறாராம். பத்துப் பெயர்ப்பலகை ஒரே இருப்பில் வெட்டுகிற ஆளுக்கு இது சரிவராது.

9 பெப்ரவரி

தம்பி படம் நான்கும் அனுப்பியிருக்கிறார். ரியூப் 1,250, நல்லது. லேபிளில் 2021 ஓகஸ்ட். ஆகவே "போன வருசம்" என்பது பூட்டிய திகதியாக இருக்கலாம், செய்த திகதி இல்லை. குளிராக்கி 3000. கொன்ரோலர் ருயிடா, அது பெரிய நிம்மதி. லேசரை ஓட்டுகிற லைட்பேர்ன் மென்பொருள் அதோடு நேராகப் பேசும்.

இனி நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது உங்கள் சொந்தத் தகட்டைக் கொண்டு போங்கள்: 3 மில்லிமீற்றர் பிளைவூட், 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ், 6 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ். அவருடைய பலகையில் வெட்டிப் பார்க்க வேண்டாம். மாஸ்கிங் ரேப் ஒரு சுருள், ஒரு ரோச், ஒரு சின்னக் கண்ணாடி.

மெசின் குளிர்ந்திருக்கும்போது போனால் நல்லது. வரமுன்னமே ஓட்டி வைத்திருந்தால் அரை மணித்தியாலம் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் ரியூப் எரிகிற நிறம். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து நடுவில் நேர்க்கோடாக இருந்தால் நல்லது. வெளுத்து வெள்ளையாகத் தெரிந்தால் வாயு கெட்டிருக்கிறது. பிறகு மில்லி அம்பியர் மீற்றர். 60 வாட் ரியூபுக்கு 20 அளவுக்குள் நின்று வெட்ட வேண்டும். 25 காட்டுகிறது, வெட்டவும் ஏலாமல் இருக்கிறது என்றால் முடிந்த கதை. மீற்றரே இல்லையென்றால் அதையும் விலையில் கழியுங்கள்.

6 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு சதுரம், செக்கனுக்கு 8 மில்லிமீற்றர் வேகம், 65 வீதப் பலம். உயிருள்ள 60 வாட் ஒரே ஓட்டத்தில் விழுத்தும். விழுந்த துண்டின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒளியைத் திருப்புகிற ஆடிகள் நேரில் இல்லை, அது திருத்தக்கூடியது. இருபது நிமிடம் கழித்து அதே வெட்டைத் திரும்பப் போடுங்கள். முதல் தரம் விழுந்து இரண்டாம் தரம் தொங்கினால் தண்ணீர் சூடேறிவிட்டது அல்லது ரியூப் களைத்துவிட்டது.

லென்ஸ் மூக்கில் ஒளி நுழைகிற ஓட்டையில் ரேப் ஒட்டி, மூக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் லேசரால் ஒவ்வொரு அடி அடிக்கச் சொல்லுங்கள், மூடியை மூடியபடி. நான்கு புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். லென்ஸைக் கழற்றி ரோச் அடித்துப் பாருங்கள். அது சிங்க் செலினைட், தேன் நிறம். மங்கலோ முடிக்கீறலோ இருந்தால் புதிது வேண்டும். வெடித்ததைக் கையால் நோண்ட வேண்டாம், அதன் தூள் நஞ்சு.

கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று: தண்ணீர் ஓடாவிட்டால் லேசரை நிறுத்துகிற சுவிட்ச். பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஒரு செக்கன். எரியக் கூடாது. எரிந்தால் யாரோ வயரைச் சேர்த்து முறுக்கி அந்தக் காவலை நீக்கியிருக்கிறார்கள். மூடி திறந்தால் நிற்கிற சுவிட்ச்சும் அப்படித்தான்.

9 பெப்ரவரி, இரவு

துரு. மறந்துவிட்டேன். தண்டவாளத்தில், லென்ஸ் மூக்கின் ஆணிகளில், புகை இழுக்கிற வாயைச் சுற்றி ஒரே சீராகத் துரு என்றால் அதற்குள் பீவீசீ வெட்டியிருக்கிறார்கள். விட்டுவிட்டு வாருங்கள், விலை என்னவாக இருந்தாலும்.

13 பெப்ரவரி

பீவீசீ என்றதும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், போம் போர்ட் வெட்டலாமா என்று. வெட்ட வேண்டாம். விளம்பரப் பலகைக்காரர் பாவிக்கிற வெள்ளைப் போம் போர்ட்டில் பெரும்பகுதி பீவீசீ. ரெக்சினும் அப்படி. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், ஈரம் பட்டால் அது அமிலம். யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரும்பைத் தின்கிறது இருக்கட்டும், உங்கள் நெஞ்சுக்குள்ளும் அதுதான் போகும்.

என்ன தகடு என்று தெரியாவிட்டால் செப்புக் கம்பி ஒன்றை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தகட்டில் ஒருக்காத் தொட்டு, திரும்ப நெருப்பில் பிடியுங்கள். நெருப்பு பச்சையானால் குளோரின் இருக்கிறது. இதை வாசலில் வைத்துச் செய்யுங்கள், குசினிக்குள் வேண்டாம்.

பேர்ஸ்பெக்ஸ் மாதிரியே இருக்கும் பொலிகாபனேற்றும் வரும். அது வெட்டுப்படாது, மஞ்சளாகிக் கரி கக்கும். பேர்ஸ்பெக்ஸ் துண்டைப் பற்றவைத்தால் பழவாசத்தோடு சீராக எரிந்துகொண்டே இருக்கும். பொலிகாபனேற்று கறுப்புப் புகை விட்டு, நெருப்பை எடுத்தவுடன் அணையும்.

நல்ல பேர்ஸ்பெக்ஸிலேயே இரண்டு சாதி. வார்த்த தகட்டில் எழுத்துப் பொறித்தால் வெள்ளையாக, பனி படிந்த மாதிரி வரும். அழுத்தி இழுத்த தகட்டில் பொறிப்புக் கண்ணாடி மாதிரியே நிற்கும், எழுத்துத் தெரியாது. வெட்டுவதற்கு இரண்டும் சரி. எதைத் தருகிறோம் என்று கடைக்காரருக்கே சில வேளை தெரியாது, மூலையில் ஒரு எழுத்துப் பொறித்துப் பாருங்கள்.

16 பெப்ரவரி

எர்த். வாளித் தண்ணீர் கடித்த கதையின் மற்றப் பாதி இது.

ரியூப் எரியாமல் மின்சாரம் வேறு வழி தேடினால், அது போவதற்கு மெசினின் உடம்பில் இருந்து நிலத்துக்கு ஒரு நல்ல வயர் இருக்க வேண்டும். என் கொட்டிலில் பிளக்கில் மூன்று கால் இருந்தது, சுவருக்குள் எர்த் வயர் இல்லை. பழைய வீடுகளில் இது சாதாரணம். மின்வேலைக்காரர் வந்து கம்பி அடித்தால் இரண்டு அடியில் கல்லில் நின்றது. மேல்மண் காய்ந்து கிடந்தது, அளந்த அளவு சரியில்லை. கடைசியில் கிணற்றடியில், எப்போதும் ஈரமான வாழைப்பாத்திக்குள் வேறு கம்பி அடித்து அங்கிருந்து தடித்த வயர் இழுத்தோம். அளவு சரியாக வந்தது. ட்ரிப் சுவிட்ச்சும் பூட்டினோம். மொத்தச் செலவு ரியூபின் விலையில் நாலில் ஒன்று வராது.

மெசினை நிற்பாட்டினாலும் மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் ரியூபின் சிவப்பு வயரிலும் மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிக் கனநேரம் விட்டு, சரியான கம்பியால் எர்த்துக்குத் தொட்டு இறக்கிய பிறகுதான் கை வைக்கலாம். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பழகினவரைக் கூப்பிடுங்கள்.

22 பெப்ரவரி

தம்பி வத்தளைக்குப் போய் வந்துவிட்டார். அவர் எழுதியதன் சுருக்கம்: நிறம் கொஞ்சம் வெளுப்பு. 20 மில்லி அம்பியரில் 6 மில்லிமீற்றர் முதல் தரம் விழுந்தது, இருபது நிமிடத்தில் தொங்கியது. லென்ஸ் மங்கல். தண்ணீர்ச் சுவிட்ச்சின் வயர் முறுக்கிக் கிடந்தது. துரு இருக்கிறது.

துரு என்று வாசித்ததும் "விடுங்கள்" என்று எழுதிவிட்டேன், அவசரப்பட்டு. பிறகு அவர் அனுப்பிய கிட்டப் படங்களைப் பார்த்தேன். துரு வெளிப் பிணைச்சல்களிலும் கால்களிலும்தான். தண்டவாளம் சுத்தம், மூக்கின் ஆணிகள் மினுங்குகின்றன, புகை வாயில் மரக்கரிப் பிசின் மட்டும். வத்தளையும் கடற்கரைதானே, அது கடற்காற்றுத் துரு. என் முந்தைய சொல்லைத் திரும்ப எடுக்கிறேன்.

கணக்குப் போடுவோம். இன்றைக்கு எனக்குச் சொல்கிற விலைகள்: ரியூப் 1.1 இலட்சம், 5000 குளிராக்கி 1.65, லென்ஸும் ஆடிகளும் 25 ஆயிரம், லொறி 40 ஆயிரம். கூட்டினால் 3.4. கேட்கிற 6.5இல் கழித்தால் 3.1. அதற்கு மேல் எவ்வளவு குடுப்பது என்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி விற்பவருக்குக் காட்டுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை, அந்தத் தாளே பேசும்.

24 பெப்ரவரி

விற்பவர் 3.75 இலட்சத்துக்குச் சம்மதித்தாராம். நல்ல விலை.

ரியூபைக் கழற்றித் தனியாகக் கொண்டு வாருங்கள். 400 கிலோமீற்றர் லொறியில் கண்ணாடி பூட்டியபடி வர விட வேண்டாம். தண்ணீரை முழுக்க வடித்து, மெத்தையில் சுற்றி, வான் வண்டியில் மடியில் வைத்து வரலாம். இரண்டு முனையிலும் தண்ணீர் போகிற கண்ணாடி மூக்குகள்தான் முதலில் உடையும், அவற்றில் பிடித்துத் தூக்க வேண்டாம். இந்த ரியூப் இன்னும் சில மாதம் உழைக்கும். பூச்சியம் என்று நான் சொன்னது விலை பேசுவதற்கு. எறியச் சொல்லவில்லை. பிளைவூட்டுக்கு இதையே பாவித்து உழைத்த காசில் புதிது வாங்குங்கள், முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் வைக்க வேண்டாம்.

1 மார்ச்

புகைக்குழாயை எங்கே வைப்பது என்று தம்பி கேட்கிறார். நான் முதல் வருடம் கொட்டிலின் தென்மேற்குச் சுவரில் வைத்தேன். வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) காலம், புகை அழகாகத் தோட்டத்துப் பக்கம் போனது. மே மாதம் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பியதும் அத்தனையும் திரும்பி உள்ளே வந்தது. பேர்ஸ்பெக்ஸ் மணம் பக்கத்து வீட்டு அன்ரியின் உடுப்புக் கொடியில் ஏறி, அவர் மதிலுக்கு மேலால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டி வந்தது. இப்போது கூரைக்கு மேலே ஏற்றி தொப்பி போட்டிருக்கிறேன். அதைச் செய்யுங்கள். அந்த அன்ரிக்கு அந்த வருடம் ஒரு பெயர்ப்பலகை வெட்டிக் குடுத்தேன், இன்னும் படலையில் இருக்கிறது.

வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பேர்ஸ்பெக்ஸ் ஆவி பற்றினால் ஒரு நிமிடத்தில் மூடி வரைக்கும் எரியும். தூள் அணைப்பான் ஆடிகளைப் பாழாக்கும், காபனீரொட்சைட்டு அணைப்பான் வையுங்கள்.

4 மார்ச்

பனம் பலகை வெட்டலாமா என்று சுவிஸில் இருந்து ஒருவர். ஓகஸ்டில் நல்லூருக்கு வரும்போது கொண்டுபோக வேண்டுமாம். வெட்ட முயன்றேன், சரிவரவில்லை. பனையில் கறுத்த நார் இரும்பு மாதிரி, இடையில் உள்ளது மெது. லேசர் மெதுவானதைத் தின்றுவிட்டு நாரில் நிற்கிறது, விளிம்பு சீப்புப் பல் மாதிரி வரும். வாளால் அறுத்து மேலே எழுத்துப் பொறிக்கலாம், அது நன்றாக இருக்கிறது.

பனை ஓலையில் பொறிப்பது வேறு சுகம். பதப்படுத்திய ஓலையைத் தட்டையாக ஒட்டி, ஆகக் குறைந்த பலத்தில், நல்ல வேகத்தில். 10 வீதத்துக்குக் கீழே கண்ணாடி ரியூப் விட்டு விட்டு எரியும், ஆகவே அதற்குக் கீழே பலத்தைக் குறைக்காமல் வேகத்தைக் கூட்டுங்கள். எழுத்து கபில நிறத்தில் விழும்போது வருகிற மணம், அடுப்படியில் ஓலை எரிகிற அதே மணம். வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

8 மார்ச்

தமிழ் எழுத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்.

ஆங்கிலப் பெயரைச் சேர்த்து எழுதினால் ஒரே துண்டாக வரும். "வாழ்த்துகள்" என்று வெட்டிப் பாருங்கள். வா தனி, ழ தனி, த தனி. அடியில் ஒரு பட்டி போட்டுத்தான் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் ழ், த், ள் மூன்றின் புள்ளியும் அந்தரத்தில். வெட்டி முடிய அவை தகட்டைத் தாங்குகிற தேன்கூட்டுத் தட்டின் ஓட்டைக்குள்ளால் கீழே விழுந்துவிடும். முதல் மாதத்தில் "வாழததுகள" என்று ஒரு கேக் போயிருக்க வேண்டியது, மனைவிதான் கண்டுபிடித்தார்.

இப்போது புள்ளியை எழுத்தின் தலையோடு ஒரு சின்னக் கழுத்தால் இணைக்கிறேன். கழுத்து 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸில் முறியும். ஒளிக்கற்றை இரண்டு பக்கமும் கொஞ்சம் தின்னும் என்பதையும் சேருங்கள். வெற்றுப் புள்ளியைவிடச் சின்ன வளையமாக வைத்தால் கழுத்து குறையாகத் தெரியாது, ஒரு மொட்டு மாதிரி இருக்கும். படலைக்குத் தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டும்போது எதிர்ப் பிரச்சினை: க, த, ம இவற்றின் வயிற்றுக்குள் இருக்கிற துண்டு விழும். அங்கே பாலம் வைக்க வேண்டும். பாலத்தைக் கோட்டின் நடுவில் வைக்காமல் வளைவு தொடங்குகிற இடத்தில் வைத்தால் எழுத்தின் உருவம் கெடாது. இதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை க ஒன்றோடு இருந்தேன், பதினொரு தரம் வெட்டினேன்.

வாடிக்கையாளர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதி அனுப்புவார்கள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் எந்த மென்பொருளிலும் சரியாகத் தெரியும். யூனிகோட்டில் வந்தால் நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகிற மென்பொருளில் எழுதி, கோடாக மாற்றி, அந்தக் கோட்டைத்தான் லேசருக்கு அனுப்புவேன். கொம்பும் காலும் இடம் மாறாது.

அந்தத் தட்டில் விழுந்த புள்ளிகளை மகள் ஒரு ஜாம் போத்தலில் சேர்க்கிறாள். தங்கம், கறுப்பு, தெளிவானது, பிளைவூட். முக்கால் போத்தல் வந்துவிட்டது.

15 மார்ச்

கொக்குவிலுக்கு நேற்றுப் போனேன். மெசின் இறங்கிவிட்டது, ரியூப் முழுசாக வந்தது. தண்ணீர் வெளியே போகிற மூக்கு மேலே பார்க்கும்படி ரியூபைத் திருப்பிப் பூட்டினோம், காற்றுக்குமிழ் தங்காமல் போகட்டும் என்று. ஒரு குமிழ் பிடிவாதமாக முனையில் நின்றது. மெசினின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்ததும் போனது. சுவிட்ச்சின் முறுக்கிய வயரை வெட்டி முறைப்படி பூட்டினோம். பம்பை நிறுத்தினால் எரியவில்லை.

ஆடி மூன்றையும் நேராக்க மாலை ஆகிவிட்டது. கிட்ட ஒரு அடி, தூர ஒரு அடி, திருகாணியைக் கால் சுற்று, திரும்ப ரேப். தம்பியின் அம்மா மூன்றாம் தரம் தேத்தண்ணி கொண்டு வரும்போது நான்கு மூலையும் ஒன்றாக விழுந்தன.

முதல் வெட்டுக்கு அவர் "வாழ்த்துகள்" போட்டார், தெளிவான 3 மில்லிமீற்றரில், செக்கனுக்கு 15. மூடியைத் திறந்து பட்டியில் பிடித்துத் தூக்கினார். மூன்று வளையமும் எழுத்தோடு வந்தன.